பிளேக் ஸ்னெல்லை வெளியே அழைத்தது சரியா?

கேள்வி: 2020 பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், அபாரமாக வீசிக்கொண்டிருந்த பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல்லை டாம்பா பே ரேஸ் அணியின் மேனேஜர் கெவின் கேஷ் பாதியில் வெளியே எடுத்தது தவறு என்கிறேன் நான். அணி தோற்றதால்தான் அது தவறாகத் தெரிகிறது என்கிறான் என் மகன். தங்கள் கருத்து என்ன, ஐயா?

பதில்: தங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே வெற்றி தோல்வியை ஒதுக்கிவிட்டு, கேஷ் களத்துக்குள் நடந்து வந்த அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3-2 என்று முன்னிலை வகித்ததால், அன்று தோற்றால் ரேஸ் அணிக்குக் கோப்பை இல்லை. ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட். ரேஸ் 1-0 என்று முன்னிலை. 73 பந்துகளே வீசியிருந்த ஸ்னெல் ஒருவருக்கும் வாக் (நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் இலவச முதல் தளம்) கொடுக்காமல் 9 பேரை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்திருந்தார். டாட்ஜர்ஸின் ஆஸ்டின் பார்ன்ஸ் அப்போதுதான் அடித்த சிங்கிள் (முதல் தளம் வரை சேர்க்கும் அடி), அன்று ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட். அடுத்து வரவிருந்த டாட்ஜர்ஸ் பேட்டர்கள் பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அதுவரை ஆளுக்கு இரண்டு முறை வந்து, ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட் ஆகியிருந்தனர். கேஷ் வருவதைக் கண்டதுமே ஸ்னெல் ஆத்திரத்தில் வாய்விட்டுத் திட்டியது கேமராவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

கேஷின் கணக்கு இதுதான்: ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும் பேட்டர், பந்தின் வேகமும் வளைவும் பழகிவிடுவதால், சராசரியாக மேலும் நன்றாக அடிக்கிறார். அந்த ஆண்டு ஸ்னெல் ஒரு ஆட்டத்திலும் ஆறு இன்னிங்ஸை முடித்ததில்லை என்பதும், இப்படிப்பட்ட கணக்குகளைப் பின்பற்றித்தான் குறைந்த சம்பளச் செலவுள்ள ரேஸ் உலகத் தொடர் வரை வந்தது என்பதும் உண்மையே.

ஆயினும் அந்தத் தீர்மானம் தவறு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். எத்தனையோ பிட்சர்கள் எத்தனையோ இரவுகளில் வீசியதன் சராசரி, களைத்துப்போன ஒருவரையும் அன்று உச்சத்தில் இருந்த ஸ்னெல்லையும் பிரித்துக் காட்டாது. அதைவிட முக்கியமானது, அவருக்குப் பதிலாக வருபவர் யார் என்பது. பதிலாக வந்த நிக் ஆண்டர்சன் வழக்கமான பருவத்தில் அசைக்க முடியாதவராக இருந்தார். ஆனால் அதற்கு முன் பிளேஆஃபில் (பருவத்துக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) அவர் தொடர்ந்து வீசிய ஆறு ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார். ஸ்னெல்லைச் சராசரியாலும் ஆண்டர்சனைப் பழைய பெருமையாலும் அளந்ததுதான் கேஷ் செய்த பிழை. ஆண்டர்சன் வந்ததும் பெட்ஸ் டபுள் (இரண்டாம் தளம் வரை சேர்க்கும் அடி) அடித்தார், வைல்ட் பிட்சில் (கேட்சர் பிடிக்க முடியாதபடி விலகிய பந்தில்) பார்ன்ஸ் ரன் எடுத்தார், சீகர் உருட்டிவிட்ட பந்தில் பெட்ஸ் சறுக்கி வந்து ஹோமைத் தொட்டு இன்னொரு ரன் எடுத்தார். இறுதியில் 3-1 என்று வென்ற டாட்ஜர்ஸுக்கு 1988-க்குப் பின் அதுவே முதல் கோப்பை. ஸ்னெல் வெளியேறியது தமக்கு நிம்மதியாக இருந்தது என்று பெட்ஸே பிறகு கூறினார்.

கேள்வி: அப்படியானால், 2003-இல் பிட்சர் பெட்ரோ மார்ட்டினஸை மாற்றாமல் விட்ட பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில் செய்தது சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான அந்த ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 என்று முன்னிலையில் இருந்தபோது, ஜீட்டர் டபுளும் பெர்னி வில்லியம்ஸ் சிங்கிளும் அடித்து ஒரு ரன் எடுத்துவிட்டனர். பெட்ரோ தளர்ந்துவிட்டதைப் பந்தே காட்டியது. லிட்டில் அவரிடம் சென்று பேசிவிட்டு, மாற்றாமலே திரும்பினார். அடுத்து மட்சுயியும் போசாடாவும் டபுள் அடிக்க, ஆட்டம் சமனாகி, 11-ஆவது இன்னிங்ஸில் கை நழுவியது. கேஷ், லிட்டில் இருவருமே கண்ணெதிரே நடந்ததைவிடத் தாம் முன்பே நம்பியதற்கு அதிக மதிப்பு கொடுத்தனர். லிட்டில் நம்பியது பெட்ரோவின் பெயரை.

கேள்வி: கேஷின் இடத்தில் தாங்கள் இருந்திருந்தால்?

பதில்: ஸ்னெல் இடக்கைப் பிட்சர், ஆண்டர்சன் வலக்கைப் பிட்சர். அந்த ஆண்டு பெட்ஸ் இடக்கையாளர்களிடம் அடித்தது வலக்கையாளர்களிடம் அடித்ததைவிட மிகவும் குறைவு. கேஷ் மதித்த புள்ளிவிவரங்களிலேயே இதுவும் இருந்தது. எனவே பெட்ஸுக்கும், இடக்கை பேட்டரான சீகருக்கும் ஸ்னெல்லையே வீசவிட்டிருப்பேன். ஆண்டர்சனைப் புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் இடத்தில்) தயாராக நிறுத்தி, இருவரில் ஒருவர் பலமாக அடித்த பிறகே அழைத்திருப்பேன்.