எஃப்-1 விசா முத்திரை காலாவதியாகிவிட்டால் அமெரிக்காவில் என் நிலை என்ன ஆகும்?

முனைவர் பட்டம் முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது, எஃப்-1 என்னும் மாணவர் விசாவின் ஐந்தாண்டு முத்திரையோ அடுத்த மாதம் காலாவதியாகிறது, மறுநாளிலிருந்து நான் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியவன் ஆகிவிடுவேனா, வரிப் படிவத்தில் என்னை ‘ரெசிடென்ட்’ என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை, ஆக மாட்டீர்கள் என்பது. இரண்டாவதற்கு விடை சற்று விசித்திரமானது, பிறகு சொல்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் நிலைக்கு நேர் எதிரான நிலையில் ஏழு மாதம் இருந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். உங்களுக்கு முத்திரை போகப் போகிறது, ஸ்டேட்டஸ், அதாவது மாணவராகத் தங்கும் சட்டப்படியான நிலை, இருக்கிறது. எனக்கு முத்திரை பளபளவென்று இருந்தபோதே ஸ்டேட்டஸ் போயிற்று.

தூதரகம் கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசா, எல்லையில் நின்று உள்ளே வர அனுமதி கேட்பதற்கு மட்டுமே உரியது. வந்தபின் எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்னும் வருகைப் பதிவு. அதைச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் நீங்களே எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். மாணவர்களுக்கு அதில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘டி/எஸ்’ என்ற இரண்டு எழுத்துகள் இருப்பதுதான் நெடுநாள் வழக்கம். மாணவராக ஒழுங்காகத் தொடரும் காலம் வரை என்பது அதன் பொருள். இதை மாற்றி, அதிகபட்சம் 4 ஆண்டுகள் என்று தேதி குறித்தே அனுமதிக்கலாம் என உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் ஒரு விதியை முன்மொழிந்தது. ஆகையால் நானோ வேறு யாரோ சொல்வதை நம்பாமல், உங்கள் தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இப்போது என் கதை. 2016 ஆகஸ்டில் முதுகலை படிக்கச் சென்றேன். முதல் பருவத்தில் மூன்று பாடங்கள், ஒன்பது கிரெடிட். எங்கள் துறையில் அதுதான் முழுநேரப் படிப்பின் கீழ்வரம்பு. அவற்றில் ஒன்று, அடிப்படையே இல்லாமல் ஆர்வக் கோளாற்றில் எடுத்த உயர்நிலைப் புள்ளியியல். இடைத்தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கியதும் பேராசிரியரிடம் போனேன். அவர் என்னைவிட நிம்மதியடைந்தவராக, விட்டுவிடுவதே நல்லது என்றார். பல்கலைக்கழகத் தளத்தில் பாடத்தின் பெயருக்கு எதிரே இருந்த சிறிய பெட்டியில் ‘டிராப்’ என்று தேர்ந்தெடுத்தேன். பச்சைப் பட்டையில், பாடம் வெற்றிகரமாக நீக்கப்பட்டது என்று வந்தது. அந்த ‘வெற்றிகரமாக’ இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அறைத்தோழராக இருந்த சீனியர் ஒருவரிடம் இதில் சிக்கல் ஏதும் உண்டா என்று அன்றிரவு கேட்டபோது, விசா 2021 வரை இருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இருக்கும் டிஎஸ்ஓ என்னும் அதிகாரிதான் ஒவ்வொரு மாணவரின் நிலையையும் அரசின் ‘செவிஸ்’ கணினிப் பதிவில் இற்றைப்படுத்துபவர். அவர் ஒன்றும் பேசாமல் தம் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயருக்குக் கீழே ‘டெர்மினேட்டட்’ என்றும், காரணமாக, அனுமதியின்றி முழுநேரப் படிப்பிலிருந்து இறங்கியமை என்றும் இருந்தது. ஒருவேளை பாடத்தை விடுவதற்கு முன்னால் வந்து அவரிடம் கேட்டிருந்தால், பாடநிலை தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற காரணத்தைக் காட்டி, குறைந்தது ஆறு கிரெடிட் மிஞ்சுவதால், அந்தப் பருவத்துக்குக் குறைந்த பாடச்சுமையை அவரே அனுமதித்திருக்க முடியும். அதே பாடம், அதே மாணவன், அதே ஆறு கிரெடிட். கேட்ட பின் விட்டிருந்தால் சட்டப்படி சரி, விட்ட பின் கேட்டதால் மீறல்.

அறிமுகக் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லியிருப்பார்களே என்று சிலர் கேட்பார்கள். சொன்னார்கள். விமானத்திலிருந்து இறங்கி இரண்டாம் நாள், தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களுக்கு, நூலக அட்டை வாங்குவது எப்படி என்பதற்கும் தீயணைப்பு ஒத்திகைக்கும் இடையில் ஒரு ஸ்லைடாகச் சொன்னார்கள். என் தவறு என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் மாணவர் எந்த விசாவில் வந்தவர் என்பதை அறிந்திருக்கும் அதே கணினி, அந்தப் பச்சைப் பட்டைக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டாதது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் முன் இரண்டு வழிகள் இருந்தன. நாட்டைவிட்டு வெளியேறி, பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவத்தைப் புதிதாக வாங்கி அதோடும் புதிய செவிஸ் கட்டணத்தோடும் திரும்பி வரலாம். ஆனால் வேலைப் பயிற்சிக்குத் தேவையான ஓராண்டுப் படிப்புக் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அல்லது ஐந்து மாதத்துக்குள் ஐ-539 விண்ணப்பத்தின் மூலம் ஸ்டேட்டஸை மீட்டுத் தரும்படி குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் கேட்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். டிஎஸ்ஓ தம் அதிகாரத்தில் அனுமதித்திருக்கக்கூடிய பாடக் குறைப்பாக அது இருந்து, மீட்பு மறுக்கப்பட்டால் மாணவருக்குக் கடும் இன்னல் நேரும் என்றால், மீட்டுத் தரலாம் என்று விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. அதுதான் என்னைக் காப்பாற்றிற்று. விளக்கக் கடிதத்தின் முதல் வரைவில் பேராசிரியரையும் கணினியையும் சீனியரையும் குற்றம் சாட்டி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். டிஎஸ்ஓ பென்சிலை எடுத்து முக்கால் பக்கம் மட்டும் மிஞ்சும்படி அடித்துக் கொடுத்தார்.

விண்ணப்பம் நிலுவையில் இருந்த ஏழு மாதமும் முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆனால் வேலை செய்யக்கூடாது. நூலக மேசையில் வாரம் 12 மணி நேரம் பார்த்த வேலையை அன்றே விட்டேன். நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள் என்பதால் எங்கும் போகவில்லை. நடுவில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனேன். கடவுச்சீட்டைத் திறந்து விசாப் பக்கத்தை நீட்டினேன். ஊழியர் அதை ஏறிட்டும் பார்க்காமல் ஐ-94 எண்ணையும் செவிஸ் எண்ணையும் தட்டச்சு செய்து, அரசின் சரிபார்ப்பில் ஸ்டேட்டஸ் வரவில்லை என்று எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டார். 2021 வரை செல்லும் முத்திரையின் மதிப்பு எவ்வளவு என்பது அந்த வரிசையில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒழுங்காக இருந்தவர்களுக்கும் ஸ்டேட்டஸ் போகவில்லையா என்று கேட்டால், போயிற்று, உண்மைதான். 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் முன்னறிவிப்பின்றி முடக்கப்பட்டு, வழக்குகளுக்குப் பிறகு மீட்கப்பட்டன. அதற்கு என் அனுபவத்தில் மருந்து கிடையாது. நம் கையில் இருப்பதைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

நீங்கள் அஞ்ச வேண்டிய தேதி விசாவில் இல்லை. உங்கள் ஐ-20-இல் படிப்பு முடிவதாகக் குறித்திருக்கும் தேதிதான் அது. ஆய்வேடு இழுத்துக்கொண்டே போனால், அந்தத் தேதி கடப்பதற்கு முன்பே நீட்டிப்பு வாங்கியாக வேண்டும். கடந்துவிட்டால் என்னைப் போல மீட்புக்கு விண்ணப்பிக்க வேண்டியதுதான். படிப்பை முறையாக முடித்தவருக்கு அதன்பின் 60 நாள் அவகாசம் உண்டு. ஓபிடி என்னும், படிப்பு சார்ந்த பயிற்சி வேலைக்கான அனுமதிக்கு, படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சின்ன விஷயம் போலத் தோன்றினாலும் இந்தப் பட்டியலில் அதுவும் சேரும்.

இனி அந்த ‘ரெசிடென்ட்’. குடியேற்றச் சட்டத்தில் எஃப்-1 மாணவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் குடியேறாதவர்தான். வரிச் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. மாணவராக இருக்கும் முதல் ஐந்து நாள்காட்டி ஆண்டுகளின் நாள்களை அது எண்ணுவதில்லை; டிசம்பர் 30-ஆம் தேதி வந்திறங்கியிருந்தாலும் அந்த இரண்டு நாளுக்காக ஓர் ஆண்டு கழிந்துவிடும். ஐந்தாண்டு முத்திரை முடியப்போகிறது என்கிறீர்கள். முத்திரை வாங்கிய ஆண்டிலேயே வந்துசேர்ந்து மாணவராகவே இருந்திருந்தால் உங்களுக்கு இது ஆறாவது நாள்காட்டி ஆண்டு. இந்த ஆண்டில் 183 நாள் அங்கே இருந்தால், வரி விஷயத்தில் நீங்கள் ரெசிடென்ட். ரெசிடென்ட் அல்லாதவர்களுக்கான 1040-என்ஆர் வரிப் படிவத்துக்குப் பதில் 1040, இந்தியாவில் வங்கி வட்டி வந்தால் அதையும் காட்ட வேண்டும், வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருமுறை 10,000 டாலரைத் தாண்டினாலும் அதற்குத் தனி அறிக்கை உண்டு. ரெசிடென்ட் என்று எழுதுவதால் கிரீன் கார்டு கேட்டதாகவோ பொய் சொன்னதாகவோ ஆகாது. நண்பர்கள் பயமுறுத்துவார்கள், என்னையும் பயமுறுத்தினார்கள்.

முத்திரை காலாவதியானபின் வெளிநாட்டுப் பயணம் போனால் மட்டும் அதன் அருமை தெரியும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்புவதென்றால், அங்கே புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காதவரை, பழைய முத்திரையோடும் பயணக் கையொப்பமிட்ட ஐ-20-ஓடும் திரும்பலாம். இந்தச் சலுகைக்குள் வரும் அருகிலுள்ள சில தீவுகளைத் தவிர, மற்ற நாடுகளுக்குப் போனால் புதிய விசா இல்லாமல் திரும்ப முடியாது. அதையும் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டதால், கருத்தரங்குக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு நாட்டில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். ஓராண்டுக்குள் ஊருக்குப் போகும் திட்டம் இல்லையென்றால் முத்திரையை அப்படியே விட்டுவிடலாம்.

ஐ-20-இன் முதல் பக்கத்தில் இருக்கும் முடிவுத் தேதியைப் பின்னூட்டத்தில் எழுதி எங்களிடம் கேட்காதீர்கள். அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் டிஎஸ்ஓவைப் பாருங்கள்.