டெனிம் உடைக்குக் குரோஷா ஓரம்: வாசகர் கேள்வி – பதில்

டெனிம் உடையின் ஓரத்தில் கையால் பின்னிய குரோஷா லேஸைச் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பின்னலில் தவறு செய்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு வேலை கெட்டதற்குக் காரணம், குரோஷா ஊசியை எடுப்பதற்கு முன்பு துணிக்குச் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான்.

கேள்வி: புதிய கருநீல டெனிம் சட்டையின் காலருக்கும் கைமுனைக்கும் வெள்ளை நூலில் ஓரம் பின்னிச் சேர்த்தேன். முதல் சலவையிலேயே வெள்ளை முழுவதும் நீலம் பாய்ந்துவிட்டது. உப்பும் வினிகரும் கலந்த நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: டெனிமுக்கு அது பயன் தராது. டெனிம் நெசவில் நெடுக்கில் ஓடும் பாவு நூல் மட்டுமே அவுரி நீலத்தில் தோய்க்கப்படுகிறது. குறுக்கில் ஓடும் ஊடு நூல் வெள்ளையாகவே இருக்கிறது. அந்தப் பாவு நூலிலும் நீலம் மேற்புறத்தில் படிந்து நிற்குமே தவிர, நடுப்பகுதி வரை ஊறுவதில்லை. ஒரு நூலை உருவிக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரியும். அவுரி நீலம் நீரில் கரையாத சாயம். ஆகவே உங்கள் லேஸில் ஏறியது கரைந்து வழிந்த சாயம் அன்று. துணியின் மேலே தளர்வாக ஒட்டியிருந்து, உரசலிலும் அலசலிலும் உதிர்ந்த நீலத் துகள். உப்பாலோ வினிகராலோ அதைப் பிடித்து நிறுத்த முடியாது. தளர்ந்திருக்கும் நீலத்தை லேஸ் சேர்ப்பதற்கு முன்பே வெளியேற்றிவிடுவதுதான் வழி.

புதிய டெனிமைத் தனியாக மூன்று நான்கு முறை சலவைத்தூள் போட்டுத் துவைத்து, ஒவ்வொரு முறையும் முழுமையாக உலர்த்துங்கள். பிறகு நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஒரே இடத்தில் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் லேசான நிழல் மட்டுமே விழுந்தால் வெள்ளை நூலைத் தொடலாம். தெளிவான நீலம் ஏறினால் இன்னும் துவைக்க வேண்டும், அல்லது நூலின் நிறத்தை மாற்ற வேண்டும். கருநீலத் துணியில் பால்வெள்ளையை விடச் சணல் நிறமும் வெளிர்நீலமும் நீண்ட நாள் அழகு குறையாமல் இருக்கின்றன என்பது என் கருத்து.

லேஸ் சேர்த்த பின்னர் அந்த உடையை ஊறவைக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் சீக்கிரமாகத் துவைத்து, நனைந்த நிலையில் சுருட்டிப் போட்டுவைக்காமல் உடனே உலர்த்துங்கள். கால்சட்டையின் கீழ்விளிம்பில் லேஸ் இருந்தால் அந்த முனை மேலே வருமாறு தலைகீழாகக் கொடியில் மாட்டுங்கள். நீர் வடியும்போது நீலத்தையும் கீழ்நோக்கிக் கொண்டுபோகும். லேஸ் கீழே தொங்கினால் அத்தனையும் அங்கே வந்து தங்கும். நான் பின்னிய முதல் ஜாக்கெட் ஓரம் வீணானது இப்படித்தான். துவைத்ததில் தவறு ஏதும் இல்லை. உலர்த்திய விதத்தில் பதினைந்து நாள் உழைப்பு நீலமாகிவிட்டது.

ஏறிய நீலம் காய்வதற்கு முன்பு சலவைத்தூளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து அலசினால் பெரும்பகுதி போய்விடும். குளோரின் கலந்த வெளுப்பானைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அது லேஸை வெளுப்பதோடு, பக்கத்திலுள்ள டெனிமின் நிறத்தையும் தின்றுவிடும்.

கேள்வி: டெனிம் மிகவும் கெட்டியாக இருக்கிறது. குரோஷா ஊசியால் குத்தினால் உள்ளே இறங்குவதே இல்லை. பின்னலை எப்படித்தான் துணியோடு இணைப்பது?

பதில்: ஊசியால் நேரே குத்துவது மெல்லிய துணிக்கு உரிய முறை. கனமான டெனிமில் அப்படிச் செய்தால் கொக்கி துணியின் நூல்களை இழுத்து அறுக்கும், கையும் புண்ணாகும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, முதலில் துணி ஓரத்தில், விளிம்பை வளையம் வளையமாகப் பிடிக்கும் பிளாங்கெட் தையல் போட்டு, அந்தத் தையலின் மேல்விளிம்பில் கிடைக்கும் நூல் வளையங்களில் குரோஷாவைத் தொடங்குவது. இதற்குப் பெரிய காதும் கூர்மையான முனையும் கொண்ட எம்பிராய்டரி ஊசி வேண்டும். கம்பளி நூலுக்குப் பயன்படும் மழுங்கிய ஊசி உதவாது. ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே ஒரு கோடு வரைந்து, அதில் 6 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, பின்னப்போகும் அதே நூலால் தையுங்கள். வேறு நூலால் தைத்தால் பின்னலுக்கும் துணிக்கும் இடையே ஒரு பிரிவுக்கோடு தெரியும். வெட்டிய விளிம்பாக இருந்தால் இரண்டு முறை மடித்துத் தைத்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். ஒற்றை விளிம்பில் பிசிறு பிரியப் பிரியத் தையலும் கூடவே நழுவி வந்துவிடும்.

கால்சட்டையின் உட்பக்கத் தையல் மூட்டு வரும் இடத்தில் துணி பல மடிப்புகளாகச் சேர்ந்து கல்போல இருக்கும். அந்த இடத்தின்மேல் ஒரு துணியைப் போட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் படிய வைத்து, குத்தூசியால் துளையிட்ட பிறகு தைக்கலாம். அப்போதும் முடியாவிட்டால் மூட்டின் இருபுறமும் குத்தி, நடுவில் ஒரு நீளத் தையலாகத் தாண்டிச் சென்று, அந்த இடைவெளிக்கு வேண்டிய கண்ணிகளை (குரோஷா பின்னல்களை) அந்த ஒரே நூலின்மேல் போட்டுவிடுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அடிக்கடி துவைக்கும் உடைக்கும், பின்னாளில் லேஸைக் கழற்றி வேறு உடைக்கு மாற்ற நினைப்பவர்களுக்கும், லேஸைத் தனியாகப் பின்னிக் கையால் தைப்பதே ஏற்றது. லேஸையும் உடையின் ஓரத்தையும் தனித்தனியே நான்கு சம பாகமாக அடையாளமிட்டு, பாகத்துக்குப் பாகம் பொருத்திக் குண்டூசி குத்துங்கள். ஒரு முனையில் தொடங்கி இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சவோ போதாமல் போகவோ செய்யும். நெருக்கமான ஹெம்மிங் தையலின் நடுவே விரற்கடை தூரத்துக்கு ஒரு முறை கெட்டித் தையல் ஒன்றைப் போட்டு இறுக்கிவிட்டால், எங்காவது நூல் அறுந்தாலும் முழு லேஸும் கழன்று தொங்காது.

தையல் எந்திரத்தில் 100ஆம் எண் ஜீன்ஸ் ஊசியை மாட்டி, நூல் கோக்காமல், நீளமான தையல் அளவில் ஓட்டித் துளை வரிசை போட்டுக்கொள்வோரும் உண்டு. இது விரைவான வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அஞ்சல்தலைத் தாளில் கிழிப்பதற்கென்றே துளை வரிசை போடப்பட்டிருக்கும். துணியில் போட்டாலும் அதன் இயல்பு அதுவே. இரட்டை மடிப்பின் மேல், விளிம்பை விட்டுச் சற்று உள்ளே தள்ளி மட்டுமே இதைச் செய்யலாம். இழுவிசை அதிகம் படும் இடத்தில் செய்யவே கூடாது.

கேள்வி: என் ஓரப் பின்னல் எப்போதும் அலை அலையாக நெளிகிறது. மாதிரிப்படி எண்ணித்தான் பின்னுகிறேன். தவறு எங்கே இருக்கிறது?

பதில்: மாதிரியில் உள்ள எண்ணிக்கை அதை எழுதியவரின் கைக்கும் நூலுக்கும் உரியது. நெளிந்தால் கண்ணிகள் அதிகம். துணி உள்வாங்கிச் சுருங்கினால் கண்ணிகள் குறைவு. ஆகவே முதலில் 10 செ.மீ. நீளத்துக்குச் சிங்கிள் குரோஷா எனும் குட்டையான கண்ணிகளைப் பின்னி, நனைத்து, பலகையில் குண்டூசியால் விரித்துக் குத்தி உலர்த்திய பிறகு எண்ணுங்கள். நனைப்பதற்கு முன்பு எண்ணிய கணக்கை நம்பாதீர்கள்.

10ஆம் எண் நூலும் 1.5 மி.மீ. ஊசியும் கொண்டு பின்னும்போது என் கைக்குச் சென்டிமீட்டருக்கு மூன்று கண்ணிகளுக்குச் சற்று அதிகமாக விழுகின்றன. ஆகவே 6 மி.மீ. இடைவெளியுள்ள பிளாங்கெட் தையலில் வளையத்துக்கு இரண்டு கண்ணிகள் வீதம் போட்டால் பின்னல் தட்டையாகக் கிடக்கிறது. கால்சட்டையின் கீழ்ச்சுற்று 36 செ.மீ. என்றால் 60 வளையங்கள், 120 கண்ணிகள். இரண்டு கண்ணிகளை விட்டு ஒன்றில் ஐந்து டபுள் குரோஷா (சிங்கிளைவிட உயரமான கண்ணி), மீண்டும் இரண்டை விட்டு ஒன்றில் சிங்கிள் குரோஷா என்று போகும் சிப்பி வடிவத்துக்கு ஆறு கண்ணிகள் தேவை. 120இல் சரியாக 20 சிப்பிகள் அமையும். சுற்றளவு 37 செ.மீ. என்றால் 62 வளையங்களில் 124 கண்ணிகள் வந்து, ஆறால் வகுபடாமல் நிற்கும். அப்போது ஏதேனும் இரண்டு வளையங்களில் மூன்று கண்ணிகளாகப் போட்டு 126 ஆக்கினால் 21 சிப்பிகள் கிடைக்கும். இந்தச் சரிக்கட்டலை முதல் சுற்றிலேயே முடித்துவிட வேண்டும். சிப்பி தொடங்கிய பிறகு செய்தால் அந்த ஒரு சிப்பி மட்டும் கோணலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். ஜாக்கெட் முனைபோல் மூலை திரும்பும் இடத்தில் ஒரே புள்ளியில் மூன்று கண்ணிகள் போடுங்கள்.

டெனிம் பின்னர் சுருங்கினாலும் நெளிவு வரும். 1930இல் சான்ஃபோர்ட் கிளூயட் காப்புரிமை பெற்ற முன்சுருக்க முறை வழக்கத்துக்கு வந்தபின் ஆலைத் துணிகளின் சுருக்கம் பெரிதும் குறைந்துவிட்டது; ஆனால் அந்த முறைக்கு உட்படாத துணி முதல் சலவைகளில் 10 விழுக்காடு வரைகூடச் சுருங்கலாம். பாவுத் திசையில், அதாவது பெரும்பாலும் உடையின் நெடுக்கில்தான் சுருக்கம் அதிகம். ஜாக்கெட்டின் முன்விளிம்பில் மேலிருந்து கீழாக ஓடும் லேஸுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுவது அதனால்தான்.

கேள்வி: ஒரு மாதிரியில் கண்ட டபுள் குரோஷாவைப் போட்டால் படத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு உயரமாக வருகிறது. ஏன்? எந்த நூல் நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் மாதிரி பிரித்தானிய வழக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்க வழக்கில் சிங்கிள் குரோஷா எனப்படுவதையே பிரித்தானிய வழக்கில் டபுள் குரோஷா என்கிறார்கள். இந்தப் பகுதியில் நான் எழுதுவது அமெரிக்க வழக்கு.

நூல் விஷயத்தில், மெர்சரைஸ் செய்த பருத்தி நூலையே பரிந்துரைக்கிறேன். எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும். கனமான டெனிமுக்கு 10, மெல்லிய சட்டைக்கு 20 பொருந்தும். ஜான் மெர்சர் 1844இல் பருத்தியைக் காரச் சோடாவில் நனைத்தால் அது வலுப்பெறுவதைக் கண்டார். பின்னாளில் அதை இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பளபளப்பும் சேரும் என்று தெரியவந்தது. அந்த வழவழப்பால், உதிரும் நீலத் துகள் சொரசொரப்பான நூலில் தங்குவதுபோல இதில் எளிதில் தங்குவதில்லை என்பது என் அனுபவம்.

கேள்வி: மகள் வளர்ந்துவிட்டாள், ஜீன்ஸ் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. அது இழுபடும் ஸ்ட்ரெச் வகை, கால்முனை குறுகலானது. லேஸால் நீளம் கூட்டலாமா?

பதில்: தாராளமாகக் கூட்டலாம். ஆனால் ஸ்ட்ரெச் டெனிமில் எலாஸ்டேன் எனும் இழுபடும் இழை பெரும்பாலும் ஊடு நூலில் இருப்பதால் துணி குறுக்கில்தான் விரியும். பாதம் நுழையும்போது கால்முனை விரிய, பருத்தி லேஸ் அந்த அளவு விரியாமல் இறுக்கும். ஆகவே கால்முனையை முழுமையாக விரித்து அளந்து, அந்த அளவுக்கு லேஸைத் தனியாகப் பின்னி, வெளிப்பக்கத் தையலருகே ஒரு விரல் நீளத்துக்குச் சேர்க்காமல் திறப்பாக விடுங்கள். திறந்த முனைகள் இரண்டையும் சிங்கிள் குரோஷாவால் முடித்துவிட்டால் அது வேண்டுமென்றே செய்த வேலைப்பாடாகவே தோன்றும். லேஸ் 4 அல்லது 5 செ.மீ. அகலத்தைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். மிதிவண்டி ஓட்டும் பிள்ளை என்றால் தொங்கும் வளையங்களும் பிகோ எனும் சிறு வளைய முனைகளும் அறவே வேண்டாம். அவை சங்கிலியில் மாட்டும். நெருக்கமான பின்னலே பாதுகாப்பு.

கேள்வி: முழங்காலில் கிழிந்த இடத்தைக் குரோஷா பூவால் மூடலாமா? பைகளின் ஓரத்திலும் லேஸ் வைக்க ஆசை.

பதில்: முழங்கால் மடங்கும்போதெல்லாம் அந்த இடத்தில் துணி இறுகும். பூவை மட்டும் தைத்தால் கிழிசல் அதன் அடியில் வளர்ந்து ஒரு நாள் தையலையும் தாண்டிவிடும். உட்புறம் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிதான பழைய டெனிம் துண்டை வைத்து, முதலில் அதைத் தைத்து உறுதிப்படுத்துங்கள். பூ அதன் மேலே அழகுக்காக மட்டும் இருக்கட்டும். இதழ்களின் நுனிகள் எல்லாவற்றையும் துணியோடு பிடித்துவிடுங்கள்.

பைக்கு லேஸ் வைக்கலாம், வாய்ப்பகுதியின் நடுவில். பையின் மூலைகள் எப்போதும் இழுபடுவதால்தான் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் 1873இல் அங்கே ரிவெட் எனும் உலோகக் குமிழாணி அடிப்பதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த ரிவெட்டுக்கு அருகில் புதிய துளை எதுவும் போடாமல், இருபுறமும் 1 செ.மீ. விட்டு லேஸை முடித்துவிடுங்கள். கை நுழைந்து வெளிவரும் பக்கத்தில் லேஸின் விளிம்பு உள்நோக்கி மடியாதபடி, கீழ்விளிம்பையும் சில இடங்களில் பையின் மேல்துணியோடு மட்டும் சேர்த்துத் தையுங்கள். உள்துணியையும் சேர்த்துக் குத்திவிட்டால் பையின் வாய் அடைபட்டுவிடும்.