ரேடியோ பழுதா, ஒயர் பழுதா? சி.பி., டென் மீட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். "வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, செத்துவிட்டது", "முப்பது வருஷமாக ஓடுகிறது, இதுபோல் இப்போது கிடைக்குமா?" 27 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்கள் பேசும் சி.பி. பெட்டிகளையும், 28 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) பேசும் டென் மீட்டர் பெட்டிகளையும் திறந்து மூடியே என் காலம் ஓடிவிட்டது. மேசைக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை தானாகச் சாவதில்லை. யாரோ சாகடிக்கிறார்கள், பல நேரம் பாசத்தோடு.

டொராண்டோவிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்: பேட்டரி மாற்றிய அன்றிலிருந்து என் சி.பி. உயிர் இல்லாமல் கிடக்கிறது. புது பியூஸ் போட்டால் படக்கென்று போகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். பேட்டரி மாற்றும்போது சிவப்பும் கறுப்பும் ஒரு நொடி இடம் மாறியிருக்கும். கரண்ட் உள்ளே நுழையும் இடத்திலேயே, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஒரு சின்ன டையோடு படுத்திருக்கும். ஒயர் சரியாக இருக்கும்வரை அதற்கு வேலையே இல்லை. மாறிவிட்டால் மொத்த கரண்டையும் தன் வழியாக இழுத்து பியூஸை ஊதிவிடும். அப்படி இழுக்கும்போது சில சமயம் அதுவே ஷார்ட் ஆகிவிடுகிறது. பிறகு எத்தனை பியூஸ் போட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். இரு திசையிலும் 'பீப்' என்றால் அதுதான் ஆள். டீக்காசுக்குக் கிடைக்கிற சாமான். கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வரும்படி புதிதை வைத்துப் பற்றவைத்தால் பெரும்பாலும் ரேடியோ எழுந்துவிடும்.

இதற்கு நடுவில் பியூஸ் இடத்தில் வேறு எதையாவது வைத்தீர்களா என்று கேட்டே ஆக வேண்டும். 4 வாட் சி.பி. பேசும்போது இழுப்பதே ஒன்றிரண்டு ஆம்பியர்தான். கடையில் 2 ஆம்பியர் இல்லை என்று 15 ஆம்பியரைச் செருகுவார்கள். ஒருமுறை என்னிடம் வந்த பெட்டியில், எரிந்த பியூஸைச் சுற்றி சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள். பியூஸ் போகவில்லைதான். பலகையில் இருந்த செம்புத் தடம் இரண்டு அங்குல நீளத்துக்கு அப்பளம்போலப் பொரிந்து எழும்பியிருந்தது. டையோடு பிளந்து, அதற்குப் பின்னால் இருந்த ஆடியோ சில்லும் காலி.

பெனாங்கிலிருந்து: எனக்கு எல்லோரும் கேட்கிறார்கள், நான் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை. இரண்டாவது ரேடியோவும் இப்படியே ஆகிவிட்டது.

இரண்டு ரேடியோவும் ஒரே மாதிரி போனது என்றால் சந்தேகம் ரேடியோமேல் வரக்கூடாது. ஆன்டெனாவும் கேபிளும் மாறவே இல்லை, இல்லையா?

ஒரு முழம் கம்பி செருகினாலும் ரேடியோவுக்குக் காது கேட்கும். பேசுவதற்குத்தான் ஆன்டெனா சரியாக அமைய வேண்டும். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை ரேடியோவுக்கும் கேபிளுக்கும் இடையில் வைத்து ஒன்றாவது சேனலிலும் நாற்பதாவது சேனலிலும் அளந்து பாருங்கள். 1.5-க்குள் இருந்தால் அருமை, 2 வரை பரவாயில்லை. 3-ஐத் தாண்டினால் மைக்கை அழுத்தாதீர்கள். போன சக்தியில் கால்பங்கு திரும்பி வந்து, பவரை வெளியே தள்ளும் கடைசி டிரான்சிஸ்டரின் தலையில் இறங்குகிறது. உங்கள் முதல் ரேடியோ அப்படித்தான் போயிருக்கும்.

நான் முதலில் பார்ப்பது பிளக்கை. கோஆக்ஸ் எனும் ஆன்டெனா கேபிளின் வெளிப்பின்னலில் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அடுத்து கதவிடுக்கு: கேபிள் தினமும் நசுங்குகிற இடம். அதற்கும் அடுத்து ஆன்டெனா உட்காரும் இடத்தில் பெயின்ட். அங்கே சுரண்டி இரும்பு தெரிய வைக்காவிட்டால் எர்த் கிடைக்காது. கேபிள் கட்டாயம் 18 அடி இருக்க வேண்டும் என்று ஒரு கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஒற்றை ஆன்டெனாவுக்கு அது வெறும் கதை. இரட்டை ஆன்டெனா ஜோடிக் கேபிளுக்கு மட்டும்தான் நீளக் கணக்கு உண்டு.

மீட்டர் நன்றாகக் காட்டினால் மைக்குக்குப் போங்கள். மைக் ஒயர் உறையிலிருந்து வெளியே வரும் இடத்தை விரலால் வளைத்துக்கொண்டே பேசுங்கள். குரல் வந்து வந்து போனால் உள்ளே ஒரு இழை அறுந்திருக்கிறது. நான் பார்த்தவரை சி.பி.யில் முதலில் சாகும் உறுப்பு இந்தச் சுருள் ஒயர்தான். வேறு மைக் மாற்றுவதானால் ஒன்று: எல்லா நான்கு பின் மைக்கும் ஒன்றல்ல. பிளக் அச்சாகப் பொருந்தும், உள் ஒயரிங் கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருக்கும்.

கோவையிலிருந்து, அமெரிக்காவில் மகனோடு தங்கியிருப்பவர்: எண்பதுகளில் வந்த எஸ்.எஸ்.பி. ரேடியோ பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. நம்பலாமா?

நம்பலாம், மூடியைத் திறந்து காட்டச் சம்மதித்தால். (எஸ்.எஸ்.பி. என்பது சாதாரண ஏ.எம். அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை.) அமெரிக்காவில் 1977 ஜனவரியில் 23 சேனல் 40 ஆனது. அதற்குப் பின் வந்த தலைமுறைப் பெட்டிகளில் நல்ல உலோக உடல், இடைவெளி விட்டு வைத்த சாமான்கள், படித்துப் பழுது பார்க்கக்கூடிய சர்க்யூட். கோப்ரா 148, யூனிடென் கிரான்ட் என்று பெயர் சொன்னால் பழைய ஆட்களின் கண் மின்னுவதற்குக் காரணம் உண்டு.

திறந்ததும் காயில்களைப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது அவற்றின் நடு மையத்தில் மெழுகு ஊற்றியிருப்பார்கள். மெழுகு உடையாமல் தூசி படிந்திருந்தால் நல்ல சகுனம். மெழுகு உடைந்து, மையம் விரிசல் கண்டிருந்தால் 'பீக் பண்ணித் தருகிறேன்' (பவரை உச்சத்துக்கு ஏற்றித் தருகிறேன்) என்று ஒரு ஸ்க்ரூடிரைவர் மகான் உள்ளே போய்வந்திருக்கிறார். எந்த மீட்டரும் இல்லாமல், ஊசி எங்கே உயருகிறதோ அதுவரை எல்லாவற்றையும் திருகிவிடுவார். கூடவே மாடுலேஷனை, அதாவது குரல் அலையில் ஏறும் அளவை, கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரையும் வெட்டி எடுத்துவிடுவார். குரல் பக்கத்துச் சேனல்களுக்கெல்லாம் வழியும், கடைசி டிரான்சிஸ்டர் கொதிக்கும். வாங்கினவருக்கோ "செம பவர்" என்று மகிழ்ச்சி. அடுத்த கோடையில் என் மேசை.

யாரும் கைவைக்காத பெட்டியிலும் வயசு தெரியும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வற்றிப்போயிருக்கும். ஹம் சத்தம், மங்கிய ஆடியோ, நழுவும் அலைவரிசை, மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் அவைதான். எல்லாவற்றையும் மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கடைசி டிரான்சிஸ்டர்தான் தலைவலி. அந்தக் காலத்து எஸ்.எஸ்.பி. பெட்டிகளில் பரவலாக இருந்தது மிட்சுபிஷியின் 2எஸ்.சி.1969. உற்பத்தி நின்று பல வருஷம் ஆகிறது. அதே எண்ணை அச்சடித்த போலிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பாதி பவர் தந்துவிட்டு நாலாம் நாள் போய்விடும். பிற்காலத்துப் பெட்டிகளில் பல ஐ.ஆர்.எஃப்.520 வகை மாஸ்ஃபெட் என்ற வேறு ரக டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டன. ஆனால் அதைப் பழைய பலகையில் அப்படியே செருக முடியாது, பயாஸ் (டிரான்சிஸ்டருக்கு நிலையாகக் கொடுக்கும் வோல்ட்டேஜ்) முறையே வேறு.

ஹூஸ்டனிலிருந்து: டென் மீட்டர் ரேடியோ வாங்கி, உள்ளே ஒரு ஒயரை வெட்டினால் சி.பி. சேனலும் வரும், பவரும் அதிகம் என்கிறார்கள். நீடித்து உழைக்குமா?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டென் மீட்டர் என்பது 28-லிருந்து 29.7 மெகாஹெர்ட்ஸ் வரை, ஹாம் உரிமம் உள்ளவர்களுக்கு. உங்கள் நாட்டில் டெக்னீஷியன் எனும் ஆரம்ப நிலை உரிமமே 28.3 முதல் 28.5 வரை எஸ்.எஸ்.பி.யில் பேச விடுகிறது; தேர்வு ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. அதே பெட்டியைச் சி.பி.யில் பேசவிடுவது சட்டவிரோதம். அங்கே ஏ.எம். என்றால் 4 வாட், எஸ்.எஸ்.பி. என்றால் உச்சத்தில் 12 வாட், அதுவும் சி.பி.க்கென்று சான்று பெற்ற பெட்டியில் மட்டும்.

இனி உழைப்பு. இவ்வகைப் பெட்டிகளில் சுமாரானவை நாலு டிரான்சிஸ்டரை ஒரு சின்ன உலோகப் பெட்டிக்குள் நெருக்கி வைத்து 'நூறு வாட்' என்று அட்டையில் அச்சடிக்கின்றன. பெட்டியின் முதுகே ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் தகடு. இரண்டு நிமிஷம் விடாமல் பேசிவிட்டு முதுகில் கை வையுங்கள், புரிந்துவிடும். எஸ்.எஸ்.பி.யில் சூடேறும்வரை அலைவரிசை நழுவி, எதிரில் இருப்பவர் குரல் ஒரு நேரம் வாத்துபோலவும் ஒரு நேரம் கரடிபோலவும் கேட்கும். இருபது நிமிஷம் ஓடவிட்டால் சில பெட்டிகள் அடங்கும், சில அடங்காது. எக்கோ, பீப், வண்ண வண்ண விளக்கு எல்லாம் இருக்கிற பெட்டியைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். காசு எங்கே போயிருக்கிறது என்று தெரிகிறதல்லவா.

பெங்களூரு, புது ஹாம்: சின்ன டென் மீட்டர் ரேடியோவில் எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் முறை) ஓட்டினேன். மூன்றாம் நாள் பவர் போய்விட்டது.

குரலில் பேசும்போது மூச்சு விடுகிறோம், யோசிக்கிறோம். சராசரிச் சுமை உச்சத்தில் ஒரு சிறு பங்குதான். எஃப்.டி.8-இல் ஒவ்வொரு 15 நொடிச் சுற்றிலும் ஏறத்தாழ 12.6 நொடி விடாமல் முழுப் பவர். குரலுக்குக் கட்டிய பெட்டி அதைத் தாங்காது. அடுத்த முறை பாதிக்கும் கீழே இறக்கிவிடுங்கள், பின்னால் ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி கட்டுங்கள். எஃப்.டி.8 ஓடும் 28.074 மெகாஹெர்ட்ஸில் சூரியன் ஒத்துழைக்கிற நாளில் 5 வாட்டுக்கே கண்டம் தாண்டும்.

நாமக்கல், லாரி உரிமையாளர்: வண்டியில் சி.பி. வைக்கலாமா? இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து 12 வோல்ட் எடுத்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

எலக்ட்ரீஷியன் சொன்னதைச் செய்யாதீர்கள். 24 வோல்ட் வண்டியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இழுத்தால் அது குறைந்துகொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். ஒரு வருஷத்தில் இரண்டுமே போகும். 24-ஐ 13.8 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். மலிவான கன்வெர்ட்டரில் 'கர்ர்ர்' என்ற இரைச்சல் ரேடியோவுக்குள் வரும், வாங்கும் முன் ஓடவிட்டுக் கேளுங்கள்.

அனுமதி விஷயத்தில், இந்தியாவில் உரிமம் இல்லாமல் விட்டிருக்கும் சி.பி. பட்டை 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள். அமெரிக்க 40 சேனல் பெட்டியில் 28-ஆம் சேனல் 27.285. ஆக 28 முதல் 40 வரை உங்களுக்கு இல்லை. வெளியே ஆன்டெனா மாட்டும் முன் விதியின் வாசகத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நாகப்பட்டினம், ஹாம்: மாடியில் கட்டிய டென் மீட்டர் டைபோல் (இரண்டு பக்கம் நீளும் கம்பி ஆன்டெனா) ஒவ்வொரு வருஷமும் மழைக்குப் பின் கெட்டுப்போகிறது. ரேடியோவை மாற்றலாமா?

டைபோலில் கம்பி மொத்தமே 5 மீட்டர், பக்கத்துக்கு இரண்டரை. அது கெடாது. கெடுவது நடுவில் கோஆக்ஸ் சேரும் இடம். உப்புக்காற்று அங்கே புகுந்து பின்னல் வழியாக உள்ளே ஊறுகிறது. மேல்முனையில் ஒரு சாண் கேபிளைக் கீறிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் நல்ல நிறம் தெரியும்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். தெரியாவிட்டால் புதுக் கேபிள்தான். சேர்த்த பிறகு தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண டேப். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஐப்பசி இடிக்கு நீங்கள் கேபிளைக் கழற்றிக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் போட்டுவைப்பதாக எழுதியிருந்தீர்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்கு ஊறுகாய்ப் பாட்டில் ஒரு பொருட்டே இல்லை. மேகம் கூடும் முன்பே கழற்றிச் சன்னலுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.