பரவைக்கடல் சேறும் 38 எண்ட இலக்கமும்

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணம் குருநகர் பக்கம். மனிசன் பரவைக்கடலில, அதுதான் கடனீரேரியில, சிறகுவலை போட்டு நண்டு, இறால் பிடிக்கிறவர். மகள் கம்பஸில படிக்கிறா, புரொஜெக்டுக்கு கரையில நாலு இடத்தில சேறு எடுத்து ஈயம், செம்பு, நாகம் (சிங்க்), குரோமியம் எண்ட நாலு உலோகத்தையும் பாத்து, 'சூழல் அபாயச் சுட்டி 38, 150க்குக் கீழ எண்டபடியா ஆபத்து குறைவு' எண்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறா. மனிசனுக்கு சரியான சந்தோசம், எனக்குத்தான் மனம் ஆறேல்லை. நம்பலாமோ ஐயா?

பதில்: அக்கா, பிள்ளை கணக்கில பிழை விடேல்லை. ஆனா அந்த 150 எங்கயிருந்து வந்தது எண்டு பாக்கோணும். இந்தக் கணக்கை 1980ல சுவீடன்காரர் ஹோகன்சன் ஏரிச் சேறுகளுக்கெண்டு செய்தவர். சேத்தில இப்ப இருக்கிற அளவை, ஊத்தை சேர முதல் இருந்த அளவால பிரிக்கிறது, பிறகு அந்தப் பொருளின்ர நஞ்சுத்தன்மைக்கு ஒரு புள்ளி போட்டுப் பெருக்கிறது, கடைசியில எல்லாத்தையும் கூட்டுறது, அவ்வளவுதான். பாதரசத்துக்கு 40, கட்மியத்துக்கு 30, ஆர்சனிக்குக்கு 10, ஈயத்துக்கும் செம்புக்கும் 5, குரோமியத்துக்கு 2, நாகத்துக்கு 1. இதுகளோட பிசிபி எண்ட இரசாயனத்துக்கும் 40 போட்டு மொத்தம் எட்டுப் பொருளுக்குத்தான் அவர் 150, 300, 600 எண்டு எல்லை போட்டவர்.

எட்டின்ர புள்ளியையும் கூட்டினா 133 வரும், உங்கட பிள்ளை பாத்த நாலையும் கூட்டினா வெறும் 13. அப்ப அந்த நாலை மட்டும் வைச்சு 150ஐத் தாண்டோணுமெண்டா நாலும் சராசரியா பதினொரு மடங்குக்கு மேல கூடியிருக்கோணும். 38ஐ 13ஆல பிரிச்சுப் பாருங்கோ, கிட்டத்தட்ட 3 வருது, அதாவது புள்ளிக் கணக்கில பாத்தா சேத்தில உலோகம் பழைய அளவைப்போல சராசரியா மூண்டு மடங்கா இருக்கு. 'ஆபத்து குறைவு' எண்ட வசனத்துக்குள்ள இது மறைஞ்சு போச்சு. அதோட புள்ளி கூடின பாதரசமும் கட்மியமும் அளக்கவே இல்லை. அளக்காத ஒண்டை இல்லையெண்டு சொல்ல ஏலாது அக்கா.

இன்னொண்டு, எதால பிரிச்சவ எண்டு கேளுங்கோ, எனக்கு இதுதான் பெரிய கவலை. கனபேர் ஊத்தை சேர முதல் இருந்த அளவெண்டு புத்தகத்தில இருக்கிற களிப்பாறை (ஷேல்) சராசரியை எடுத்துப் போடுவினம். எங்கட குடாநாடு சுண்ணாம்புக்கல்லுக்கு மேல இருக்கிற மண், கடனீரேரிக்குள்ளயும் சிப்பித்தூளும் சுண்ணாம்பு மணலும் கிடக்கு, சுண்ணாம்பில இயற்கையாவே உலோகம் குறைவு. ஒரு கணக்குக்கு, சேத்தில கட்மியம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் எண்டு வைப்பம். ஹோகன்சன் பழைய அளவெண்டு போட்ட 1.0ஆல பிரிச்சு 30ஆல பெருக்கினா 9 வரும், களிப்பாறையின்ர 0.3ஆல பிரிச்சா 30 வரும், சுண்ணாம்புப் பாறையின்ர 0.035ஆல பிரிச்சா 257 வரும். தனி ஒரு உலோகத்துக்கு 40க்குக் கீழ எண்டா குறைவு, 160 தாண்டினா உயர்ந்த ஆபத்து. அதே சேறு, அதே கட்மியம், பிரிக்கிற இலக்கம் மாற தீர்ப்பே மாறிப்போகுது பாத்தீங்களே. கடனீரேரிச் சேறு முழுக்கச் சுண்ணாம்பும் இல்லை, களியும் கலந்திருக்கு, அதால 257தான் சரியெண்டும் நான் சொல்லேல்லை, எங்கட சேத்துக்கு எங்கட பழைய சேத்தைத்தான் ஒப்பிடோணும் எண்டு சொல்லுறன்.

கேள்வி: அரியாலையில இருந்து எழுதுறன். இறங்குதுறையை ஆழமாக்க எண்டு கறுப்புச் சேத்தை அள்ளி கரையில குவிக்கினம், கூழ்முட்டை மணம் தாங்கேலாது. அள்ளுறது நல்லதுதானே, நஞ்சு வெளியால போகுமெல்லோ?

பதில்: தம்பி, அந்த மணத்தைத் தாற சல்பைட்டு எண்ட கந்தகச் சேர்வைதான் ஈயம், கட்மியம், செம்பு, நாகம் எல்லாத்தையும் சேத்துக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறது. காத்துப் படாத வரைக்கும் அந்தப் பூட்டு உறுதி. அள்ளிக் கரையில போட்டா காத்துப்பட்டு சல்பைட்டு உடையும், பிறகு மாரி மழை கழுவ உலோகம் திரும்பத் தண்ணிக்குள்ள வரும், அதிலயும் கட்மியம் உப்புத்தண்ணியில இருக்கிற குளோரைட்டோட சேந்து கரைஞ்சு நிக்கிற ஒண்டு. எங்கட சுண்ணாம்பு கொஞ்சம் காப்பாத்தும், அமிலம் ஏற விடாது, ஆனா அதை மட்டும் நம்பி குவிக்கேலாது. அள்ளத்தான் வேணுமெண்டா முதல் அளந்து, மழை கழுவிக் கடலுக்குக் கொண்டு போகாத இடத்தில போடச் சொல்லிக் கேளுங்கோ. ஜப்பானில மினமாட்டா குடாவில 1977ல இருந்து 1990 வரைக்கும் பாதரசச் சேத்தை உறிஞ்சி எடுத்து, குடாவின்ர ஒரு பகுதியையே அடைச்சு அதுக்குள்ள மூடி வைச்சவை. ஒரு ஃபெக்டரி விட்ட கழிவுக்கு அவ்வளவு காலம்.

கேள்வி: அப்ப நண்டு தின்னலாமோ இல்லையோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ.

பதில்: சேத்துக் கணக்கு அதுக்கு மறுமொழி சொல்லாது, அது தண்ணியிலயும் சேத்திலயும் வாழுற உயிருகளுக்கான எச்சரிக்கை. சாப்பாட்டுக்கு நண்டையும் மட்டியையும் தனியாத்தான் சோதிக்கோணும். அதுவரைக்கும் பயப்பிடுத்தி ஒருத்தற்ற வயித்தில அடிக்க எனக்கு மனமில்லை, ஆனா கட்மியம் நண்டின்ர சதையை விட ஓட்டுக்குள்ள இருக்கிற மஞ்சள் களியிலதான் கூடச் சேரும், சின்னப் பிள்ளையளுக்கு அதைக் குடுக்காமல் விடுங்கோ.

குருநகர் அக்கா, மகளிட்ட இதையும் சொல்லுங்கோ. ஒருத்தரும் கிளறாத இடமாப் பாத்து ஒரு பிளாஸ்டிக் குழாயை ஆழமா இறக்கி எடுத்து, குழாயில உரசின விளிம்பை விட்டிட்டு நடுச் சேத்தை எடுக்கச் சொல்லுங்கோ, இரும்புக் கரண்டி வேண்டாம். அடியில கிடக்கிறதுதான் எங்கட பழைய சேறு, அதால பிரிக்கட்டும். ஈயக்குண்டு கட்டின வலையள் கழுவுற இடம், வள்ளத்துக்குச் செம்புப் பெயின்ற் அடிக்கிற இடம், தோட்டத்து வாய்க்கால் வந்து விழுற இடம், இந்த மூண்டையும் விடாமல் எடுக்கட்டும், கட்மியத்தையும் பாதரசத்தையும் கட்டாயம் சேக்கட்டும். வாற இலக்கத்தை எனக்கும் எழுதி அனுப்புங்கோ அக்கா, நான் காத்திருக்கிறன்.