பெட்டியில் 4,000 லிட்டர், சுவரில் ஒரு கோடு தண்ணீர்

கேள்வி: பின்புறக் கல்சுவரில் அருவி வைத்தோம். வழியும் விளிம்பு 30 செ.மீ. அகலம், உயரம் 1.8 மீட்டர். பம்ப் பெட்டியில் ‘மணிக்கு 4,000 லிட்டர், 3 மீட்டர்’ என்று போட்டிருந்தது. தண்ணீர் விழவில்லை, கல்லை நனைத்துக்கொண்டு வழிகிறது. கடைக்காரர் பம்பில் குறையே இல்லை என்கிறார்.

பதில்: பம்பில் குறை இருக்காது. உங்களை ஏமாற்றியது பெட்டி. 4,000 என்பது மேலே ஏற்றவே வேண்டாதபோது வரும் அளவு. 3 மீட்டர் என்பது தண்ணீர் ஏறி அப்படியே நின்றுவிடும் உயரம். அங்கே ஒரு சொட்டும் வெளியே வராது. சேர்ந்து கிடைக்கவே கிடைக்காத இரண்டு எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்கள். என் பரணிலும் அப்படி வாங்கிய பம்ப் இரண்டு தூங்குகின்றன.

கணக்கு இதுதான். தண்ணீர் பட்டையாக விழ, விளிம்பின் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்குச் சுமார் 150 லிட்டர் வேண்டும். உங்களுக்கு 4,500. உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். அது 2.1 மீட்டர் வந்தால், பைப் உராய்வுக்கும் எல்போக்களுக்கும் (பைப் திரும்பும் வளைவு இணைப்புகள்) அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 2.6 மீட்டரில் 4,500 லிட்டர் தரும் பம்ப் எது என்று கேளுங்கள். எந்த உயரத்துக்கு எவ்வளவு என்ற அட்டவணையைக் காட்டாத கடையில் வாங்காதீர்கள். பம்ப்பை மாற்ற வழியில்லை என்றால் விளிம்பை 7, 8 செ.மீ.க்குக் குறுக்குங்கள், பட்டை இல்லாவிட்டாலும் ஒரு தாரையாவது விழும்.

கேள்வி: தொட்டி 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம். 600 லிட்டர் பிடிக்கும் என்று விற்றார்கள். கூழாங்கல் நிரப்பியபின் பம்ப் காற்றை இழுக்கிறது.

பதில்: கல் போக இடுக்கில் நிற்பது 200 முதல் 240 லிட்டர்தான். கல்லைக் குறையுங்கள்.

கேள்வி: கற்களுக்கு நடுவே சிமென்ட் பூசி ‘ஒழுகவே ஒழுகாது’ என்று பணம் வாங்கிப் போனார் கான்ட்ராக்டர். தினமும் ஒரு குடம் ஊற்றுகிறோம். ஆவியாகிறது என்கிறார்.

பதில்: பாவம் நீங்கள். பம்ப்பை இரவு முழுக்க நிறுத்தி, நீர்மட்டத்தில் அடையாளம் வையுங்கள். அப்போதும் இறங்கினால் ஓட்டை தொட்டியில். ஓடும்போது மட்டும் குறைந்தால் சுவர் குடிக்கிறது. கல் சற்று அசைந்தாலே சிமென்டில் மயிரிழை விரிசல் விழும். அதை நம்பி யாரும் தண்ணீர் விடுவதில்லை. தண்ணீர் ஓடும் பாதையில் கற்களை எடுத்து, ரப்பரைக் கல் குத்தாமல் காக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் 1 மி.மீ. ஈ.பி.டி.எம். ரப்பர் ஷீட்டை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாகப் போட வேண்டும். இரு பக்கமும் நீர்மட்டத்துக்கு மேல் தூக்கிவிட்டு, கீழ் நுனி தொட்டிக்குள் தொங்கட்டும். பிறகு கற்களை வைத்து இடுக்குகளில் அருவி ஃபோம் (உப்பி இடுக்கை அடைக்கும் நுரை) அடித்தால்தான் தண்ணீர் கல்லுக்கு அடியில் புகாமல் மேலே ஓடும். இதையெல்லாம் எழுத்தில் கேட்டு, அவர் செலவிலேயே செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: அருவி கிட் வாங்கிவிட்டேன். இப்போதுதான் கவனித்தேன், சுவர் பின்னால் உள்ள மண்ணைத் தாங்குகிறது; துளைகளில் நீர் கசிகிறது. அடைத்துவிடலாமா?

பதில்: கூடாது. மண்ணில் தேங்கும் நீர் வெளியேறத்தான் அந்தத் துளைகள். அடைத்தால் நீரின் அழுத்தம் சுவரையே தள்ளும். சுவரைப் பார்க்காமல் கிட் வாங்குகிறவருக்கு வேறென்ன சொல்ல? திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: பம்ப் ஒயர் எட்டவில்லை. இணைத்து, டேப் சுற்றி, தண்ணீருக்குள் விடலாமா?

பதில்: விடாதீர்கள். நீளமான ஒயருள்ள பம்ப் வாங்குங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பொருத்தும்வரை பம்ப் ஸ்விட்சைத் தொடவும் வேண்டாம்.