அரிசி விளைகிற நாட்டில் அரிசிக்கு ஏங்கியவர்கள்

"பொருளாதாரச் சீர்திருத்தம் செய்தால் ஏழை நாடுகளில் பசி தீருமா, இல்லை அது பணக்காரர்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பாடுபட்டவன் கைக்கு வந்த காசு அடுத்த மாதமும் காசாக இருக்க வேண்டும். அது இல்லாத சீர்திருத்தத்தை எங்கள் வீடு பார்த்திருக்கிறது.

நான் பர்மாவில் (இப்போது மியான்மர்), ரங்கூனில் அரிசிக் கடை வைத்திருக்கிறேன். (யாங்கோன் என்று பெயர் மாறி 35 வருஷம் தாண்டிவிட்டது, எங்கள் வீட்டுத் தமிழில் இன்னும் ரங்கூன்தான்.) பிறந்தது பெகு பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா அறுவடைக் கூலியாகக் கப்பலில் வந்தவர். அப்பா காலத்தில் உழுவதற்குக் கொஞ்சம் வயல் இருந்தது.

1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு சோசலிசம் என்ற பேரில் நெல் வியாபாரம் முழுக்க அரசு கைக்குப் போனது. விவசாயி இத்தனை கூடை நெல் அளந்தே ஆக வேண்டும், விலையை அரசு சொல்லும். அது வெளிச்சந்தை விலையை விட மிகவும் குறைவு. ஒரு வருஷம் எங்கள் வயலில் வெள்ளம் நின்று பாதிப் பயிர் அழுகியது. அளவு குறையக் கூடாது என்பதால் அப்பா வெளியில் கூடுதல் விலைக்கு நெல் வாங்கி, அதைக் குறைந்த விலைக்கு அளந்துவிட்டு வந்தார். நெல் விளைவிக்கிற வீட்டில் நெல் வாங்கிக் கடன்பட்டோம்.

அப்புறம் 1987 செப்டம்பர் 1-ஆம் தேதி, இனி அரிசி, சோளம், பருப்பு எல்லாவற்றையும் யாரும் தடையில்லாமல் விற்கலாம், வாங்கலாம் என்று அறிவிப்பு வந்தது. இன்று நீங்கள் சீர்திருத்தம் என்று சொல்வீர்களே, அதேதான். அப்பா அன்று சிரித்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது.

நான்கே நாள். செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. 1985-இல் ஏற்கெனவே ஒரு முறை பழைய நோட்டுகளைச் செல்லாதாக்கிவிட்டு, அதற்குப் பதிலாக அச்சடித்த நோட்டுதான் அந்த எழுபத்தைந்து. அக்கா கல்யாணத்துக்கென்று தகர டப்பாவில் அப்பா சேர்த்து வைத்திருந்தது பெரும்பாலும் அதுதான். அம்மா அழவில்லை. நோட்டுகளை எண்ணி, எண்ணி, திரும்ப டப்பாவிலேயே வைத்தாள்.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி இங்கே வயல் பச்சையாக இருக்கும், குதிர் காலியாக இருக்கும். கையில் காசில்லாதவன் அப்போது சபாபே வாங்குவான். நிற்கிற பயிரை அறுவடைக்கு முன்பே அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்து வியாபாரியிடம் முன்பணம் வாங்குவதுதான் சபாபே. நாங்களும் வாங்கினோம். அறுவடை முடிந்து அரிசி விலை ஏறியபோது எங்கள் நெல் எங்களுடையதாக இல்லை. விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது சரியான காரியம். அதன் பலன் விளைவித்த எங்களுக்கு வரவில்லை, நெல்லைப் பதுக்கி வைக்க வசதி இருந்தவர்களுக்குப் போனது. அடுத்த வருஷம் அரிசி விலை பல மடங்கு ஏறியது, ஆகஸ்டில் ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவுக்கு வந்தது. அந்தப் போராட்டத்துக்குச் சுதந்திர தாகம் மட்டும் காரணம் என்று எழுதுகிறவர்கள் அரிசிப் பானையையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

1987 டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து, உலகத்திலேயே முதலிடத்தில் இருந்த நாடு இது. ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். 1930-களில் நெல் விலை சரிந்தபோது கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் கடனுக்காகச் செட்டியார்கள் கைக்குப் போனது. உழுதவன் அப்போதும் வெறுங்கையோடுதான் நின்றான்.

நல்ல காலமும் பார்த்தோம். 2012-இல் கியாட்டின் மதிப்பைச் சந்தை விலைக்கு ஒட்டிக் கொண்டுவந்தார்கள். 2014-இல் 1,500 கியாட்டுக்கு சிம் கார்டு கிடைத்தது. அதற்கு முன் அது பணக்காரர் பொருள். ஊரிலிருந்து நெல் விலையைப் போனில் கேட்டு விற்க ஆரம்பித்தார்கள். 2005-இல் நூற்றுக்கு 48 பேர் ஏழை, 2017-இல் 25 என்று கணக்கு சொல்கிறது, என் கடையிலும் அது தெரிந்தது. முன்பு பியி (இங்கத்து அரிசிப் படி) கணக்கில் வாங்கியவர்கள் மூட்டையாக எடுத்துப் போனார்கள்.

2021-இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு அது தலைகீழாகிவிட்டது. 2023 கடைசியில் மறுபடி பாதிப் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்கிறது ஐ.நா. வளர்ச்சித் திட்டம். இங்கே அரிசி அளக்க டின்பால் டப்பா உண்டு, எட்டு டப்பா ஒரு பியி. இப்போது இரண்டு டப்பா, மூன்று டப்பா கேட்கிறார்கள். கோயில் அன்னதான வரிசையில் நம்மவர்கள் மட்டுமல்ல, பர்மியப் பெண்களும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெல்லுக்கு நல்ல விலை கிடைத்தால் நிலம் உள்ளவன் பிழைப்பான். இங்கே ஐராவதி டெல்டா கிராமங்களில் நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் ஏராளம், அவர்களுக்கு அதே விலை பசியைக் கூட்டும். கடைகளை அரசுடைமையாக்கிய 1964-க்குப் பிறகு அகதியாகத் திருச்சிக்குப் போன சித்தப்பா வீட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் வாங்குகிறார்கள். சந்தையைத் திறக்கிற எந்த அரசும் திறப்பதற்கு முன்பே அப்படி ஒரு கடையையும், நடவுக் காலத்தில் சபாபே இல்லாமல் கிடைக்கிற ஒரு கடனையும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 1987-இல் எங்கள் ஊரில் இரண்டும் இருந்திருந்தால் அந்த வருஷ நெல் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.