கடைசிச் சொல் கடைசி வரிசை வரை

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்ட மண்டபத்தில் ஸ்டாண்ட்-அப் காமெடியும் கவிதையும் கலந்த இரவு நடத்தினோம். காமெடிக்கு நான்கு பேர், கவிதைக்கு ஐந்து பேர், கூட்டம் ஐம்பது. மைக் கூவியது, பின்னால் இருந்தவர்கள் சொந்தக் கதை பேசத் தொடங்கினார்கள், நல்ல ஜோக்குக்கும் சிரிப்பு எழவில்லை. அடுத்த முறை எதை மாற்றுவது?

பதில்: முதலில் மேடையை விட்டு இறங்குங்கள். அது நாடகத்துக்கும் பரிசளிப்புக்கும் கட்டியது. மண்டபத்தின் நீளச் சுவரை ஒட்டி, தரையிலோ ஓரடி உயரப் பலகையிலோ பேசுபவரை நிறுத்துங்கள். அவரைச் சுற்றி அரைவட்டமாக நான்கு வரிசை, முதல் வரிசை மைக்கிலிருந்து ஒன்றரை மீட்டர். சிரிப்பு பக்கத்து ஆளிடமிருந்து தொற்றுவது. தோள் இடிக்கும் நெருக்கம் வேண்டும். ஐம்பது பேர் வருவார்கள் என்றால் நாற்பது நாற்காலி போடுங்கள், மீதியை ஆள் வந்தபின் எடுத்துத் தரலாம். நடுவில் வழி விட்டால் பேசுபவருக்கு நேர் எதிரே வெறும் தரைதான் தெரியும். வழி இரண்டு ஓரத்திலும் இருக்கட்டும். பிரமுகர் சோபா வேண்டவே வேண்டாம். அதில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இனி கூவல். ஸ்பீக்கரில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றுவதுதான் கூவல். ஸ்பீக்கர் இரண்டும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து, காது உயரத்துக்கு மேல் நிற்கட்டும். ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியோய்டு மைக் முன்பக்கச் சத்தத்தை நன்றாக வாங்கும், பின்பக்கத்தை மிகக் குறைவாகவே வாங்கும். ஆனால் பலரும் வலைத் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்கிறார்கள். வலைக்கு அடியில் இருக்கும் துளைகள் அடைபட்டதும் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கத் தொடங்கும். குரல் மங்கும், கூவலும் கிளம்பும். மைக்கின் கைப்பிடியை நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். உதட்டுக்கும் வலைக்கும் இடையே காமெடிக்கு இரண்டு விரல் அகலம், மெல்லப் பேசும் கவிஞருக்கும் அதே அளவு, குரலை உயர்த்தும்போது மட்டும் நான்கு விரல். வாடகை செட் கரோக்கேக்குப் பழகியது, எக்கோவோடுதான் வரும். அதை முழுதாக அணையுங்கள். எக்கோ தமிழ்ச் சொல்லின் கடைசி எழுத்தைத் தின்றுவிடும்.

தகரக் கூரையாக இருந்தால் மழையோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒலியைக் கூட்டினால் கூவல்தான் வரும். பலத்த மழை பிடித்தால் அப்போதே தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), வடை இடைவேளை விட்டுவிடுங்கள்.

சிரிப்பு எழாததற்கு வரிசைமுறையும் காரணமாக இருக்கலாம். ஒரு காமெடி, ஒரு கவிதை என்று மாற்றி மாற்றி விட்டீர்களா? தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டைக் காலி செய்த வலியைக் கேட்டு அமைதியான கூட்டம் அடுத்த நிமிடமே சிரிக்காது. தொகுப்பாளர் 7 நிமிடம் கூட்டத்தைக் கலகலப்பாக்கட்டும். பிறகு இரண்டு காமெடி, தலா 8 நிமிடம். அடுத்து மூன்று கவிஞர்கள், தலா 4 நிமிடம். இடைவேளை 15 நிமிடம். பின்பு இரண்டு கவிஞர்கள், தொகுப்பாளர் 3 நிமிடம், கடைசியில் மீதி இரண்டு காமெடி. ஆள் மாறும் நேரத்தோடு கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும், அது போதும். பள்ளிவாசலின் இரவுத் தொழுகை அழைப்பான இஷா பாங்கு 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையே வரும். அன்றைய நேரத்தைப் பார்த்து, அது முடிந்தபின் தொடங்குங்கள். ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது பின்சுவர் அருகே ஒருவர் கைபேசி விளக்கைக் காட்டட்டும். கையசைத்தால் கூட்டமே திரும்பிப் பார்க்கும்.

பெர்மிட் விஷயத்தில் சோம்பல் கூடாது. பொது நிகழ்ச்சிக்கு உள்ளாட்சி மன்றத்தில் கேட்டு, வேண்டியதை எழுத்தில் வாங்குங்கள். இனம், சமயம், அரச குடும்பம் என்ற மூன்றில் எதையாவது தொடும் வரி இருந்தால் ஒத்திகையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. ‘சும்மா ஜோக்குதான்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

கடைசியாக, வரிகள். தமிழில் வினை கடைசியில் வருவதால் ஜோக்கின் முடிச்சு வாக்கியத்தின் வயிற்றுக்குள் சிக்கிக்கொள்கிறது. மண்டோர் என்றால் தோட்ட மேற்பார்வையாளர். ‘மண்டோர் எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்தார்’ என்றால் அது செய்தி. ‘மண்டோர் மனசு இறங்கி எனக்கு லீவு கொடுத்தார்... ஞாயிற்றுக்கிழமை’ என்றால் சிரிப்பு. அந்தச் சொல்லுக்குப் பிறகு வாயை மூட வேண்டும். சிரிப்பு பாதி அடங்கியதும் அடுத்த வரி. முழுதாக அடங்கவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

கவிஞர்களிடம் நேர்மாறான கோளாறு. வரி முடியும்போது குரல் இறங்கும், தலை தாளைப் பார்த்துக் குனியும், வாய் மைக்கை விட்டு நழுவும். தாளை மார்பு உயரத்தில், மைக்குக்குச் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். கவியரங்கத்தில் போல முக்கியமான வரியை இருமுறை சொல்லலாம், ஒரு கவிதைக்கு ஒருமுறை மட்டும். ஒத்திகையில் தொகுப்பாளர் கடைசி வரிசையில் போய் உட்காரட்டும். எந்த வரியின் கடைசிச் சொல் அவருக்குக் கேட்கவில்லையோ, அதை அங்கேயே மறுபடி சொல்ல வையுங்கள்.